மாடல் கப்பலுக்குப் பலகை ஒட்டுவது: ஒரே அடுக்கா, இரண்டு அடுக்கா?

மரத்தில் மாடல் கப்பல் செய்யும் பெட்டியை முதன்முறை திறப்பவர்களைக் குழப்புவது அந்த இரண்டு கட்டுகள்தான். ஒரு கட்டில் வெளிறிய மரப்பட்டைகள், 5 மி.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. கனம். இன்னொன்றில் கரும்பழுப்பு வால்நட் பட்டைகள்; கனம் அரை மி.மீ.தான், ஐஸ்கிரீம் குச்சியில் பாதிகூட இல்லை. முதல் கட்டை வைத்துக் கப்பலின் உடம்பை முழுவதும் மூடிவிட்டு, அதன் மேலேயே இரண்டாவதை ஒட்டச் சொல்கிறது கையேடு. நண்பர் வாங்கிய பெட்டியிலோ ஒரே ஒரு கட்டு. இதில் எது சரி?

இரண்டும் சரிதான். ஆனால் முதல் கப்பலுக்கு இரண்டு அடுக்கு என்பது என் கட்சி. நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். ஒரு தடவை ஒட்டினால் போதுமே என்று ஒற்றை அடுக்குப் பெட்டி வாங்கி, ஏழு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் உடம்பு முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். இரண்டு அடுக்கில் நேரம் கூடுதலாக ஆகும், வேலை சுலபம். ஒற்றை அடுக்கில் நேரம் குறைவு, வேலை கடினம். பெட்டியின் அட்டையைப் பார்த்தால் இது தெரியாது.

எதற்கு இரண்டு தோல்?

நிஜக் கப்பலில் வெளிப்பலகை பெரும்பாலும் ஓர் அடுக்குதான். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் நிற்கும் விலாச்சட்டங்களைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பலில் அவை கிட்டத்தட்ட ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் நிற்கும். மாடலில் அத்தனை சட்டம் அறுக்க யாராலும் முடியாது. அதனால் நீளவாக்கில் பிளைவுட்டில் ஓர் ஏரா, அதாவது முதுகெலும்பு, குறுக்கே பத்துப் பன்னிரண்டு பிளைவுட் சட்டங்கள் என்று சுருக்கிவிடுகிறார்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே மூன்று, நான்கு செ.மீ. வெறும் காற்று. அந்த இடைவெளியில் மெல்லிய பட்டையை ஒட்டினால் உள்வாங்கிவிடும். உடம்பு பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரித் தெரியும். முதலில் கனத்த பட்டையில் ஒரு முரட்டு ஓடு கட்டி, அதைத் தேய்த்து உருண்டையாக்கி, அதன் மேல் அழகுக்கு மெல்லிய பட்டை ஒட்டும் முறை இதனால் வந்ததுதான்.

ஸ்பெயினின் ஆர்டெசானியா லாட்டினா, ஆக்ரே, இத்தாலியின் அமாட்டி ஆகியவற்றின் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ், டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் பக்கம் போனால் ஒற்றை அடுக்கு அதிகம். வாங்குவதற்கு முன் பொருள் பட்டியலைப் படியுங்கள். 1.5 மி.மீ., 0.5 மி.மீ. என்று இரண்டு கனத்தில் பட்டைகள் இருந்தால் இரண்டு அடுக்கு என்று அர்த்தம்.

இனி சில சொற்களை அடிக்கடி பயன்படுத்துவேன். கப்பலின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு ஏரா. கடற்கரையில் இன்றும் புழங்கும் சொற்கள்தான் இவை.

கையில் இருக்க வேண்டியவை

புதுப் பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், 80, 120, 220 எண் உப்புத்தாள், உப்புத்தாளை ஒட்டி வைத்துக்கொள்ள இரண்டு மூன்று மரக்கட்டைகள், சின்ன இழைப்புளி, குண்டூசி, பைண்டர் கிளிப், துணி கிளிப், ஃபெவிகால், கொஞ்சம் ஃபெவிக்விக். பட்டை வளைக்கும் கருவி என்று தனியாக விற்பார்கள். முதல் கப்பலுக்கு அது வேண்டாம். மூக்கை மூட முகமூடி மட்டும் கட்டாயம். வால்நட் மரத்தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் ஒரு கை பார்த்துவிடும்.

எலும்புக்கூடு

ஏராவை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்கவைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பிளைவுட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். லேசாக நனைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். குறுக்குச் சட்டங்களைப் பசையில்லாமல் செருகிப் பார்த்து, மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, அதன் பிறகு ஒட்டுங்கள். மேல்தளப் பலகையையும் இப்போதே ஒட்டிவிட்டால் எலும்புக்கூடு முறுக்கிக்கொள்ளாது.

அணியத்தின் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சா என்ற மிக மென்மையான மரக்கட்டை வைத்து நிரப்பி, உருண்டையாகச் செதுக்குங்கள். கையேட்டில் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள். பட்டை அதிகமாக வளைவது அங்கேதான். அங்கே பிடிமானம் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். ஒற்றை அடுக்கு என்றால் அமரத்திலும் இப்படி நிரப்ப வேண்டும். பொறுமை இருப்பவர்கள் எல்லா இடைவெளிகளையுமே நிரப்பிவிடுவார்கள்.

அடுத்து ஒரு கணக்கு. இதைத் தவறவிட்டவர்கள் கடைசியில் சுக்கான் மாட்டும்போது தலையில் கை வைப்பார்கள். அமரத்தில், ஏராவின் மேல் இரண்டு பக்கப் பட்டைகளும் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். பின்னால் நிற்கும் தூண் 5 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கு 1.5 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 3. இரண்டாம் அடுக்கு அரை மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 1. ஆக 4 மி.மீ. பட்டைக்கே போய்விடுகிறது. பட்டையும் தூணும் ஒரே மட்டத்தில் முடிய வேண்டுமானால் அந்த இடத்தில் ஏராவின் கனம் 1 மி.மீ.தான் இருக்கலாம். பெட்டியில் வருவதோ 5 மி.மீ. அப்படியே விட்டால் கப்பலின் பின்பகுதி 9 மி.மீ.க்கு உப்பி நிற்கும். அதனால் உளியாலும் உப்புத்தாளாலும் அந்தப் பகுதியைப் படிப்படியாகச் சரித்து மெலிய வையுங்கள். 1 மி.மீ. வரை போகப் பயமாக இருந்தால் 2 மி.மீ.யில் நிறுத்திவிட்டு, முதல் அடுக்கின் நுனியைப் பின்னால் தேய்த்து மெலியவைக்கலாம். ஒற்றை அடுக்கில் இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. 5இல் 3 போக 2 மி.மீ. என்று முதலிலேயே சரியாக நிறுத்தியாக வேண்டும். அணியத்தில் பட்டை நுனி போய் உட்காரக் காடி எடுக்க வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான்.

சட்டங்களைச் சரித்தல்

என்னைக் கேட்டால் கப்பலின் அழகு முடிவாகும் இடம் இதுதான். பலகை ஒட்டும்போது அழகு வருவதில்லை. பிளைவுட் சட்டங்களின் விளிம்பு நேர்க்கோணத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஆனால் பட்டை அணியத்துக்கு வரும்போது சரிந்து வருகிறது. விளிம்பைச் சரிக்காவிட்டால் பட்டை ஒரு முனையில் மட்டும்தான் தொடும்.

ஒரு பட்டையை எடுத்து, நான்கைந்து சட்டங்களின் மேல் விரலால் அழுத்திப் பிடியுங்கள். எங்கே தூக்குகிறது, எங்கே சட்டத்தைத் தொடாமல் போகிறது என்று பாருங்கள். தூக்கும் சட்டத்தைத் தேயுங்கள். தொடாத சட்டத்தின் மேல் மெல்லிய துண்டு ஒட்டி உயர்த்துங்கள். பட்டையை மேலே, நடுவே, அடியே என்று நகர்த்தி மறுபடியும் பாருங்கள். நீளமான கட்டையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களைத் தேய்த்தால் சமமாக வரும். சட்ட விளிம்பில் பென்சிலால் முன்கூட்டியே கறுப்பாகக் கிறுக்கிவைத்தால், கறுப்பு போன இடம் தேய்ந்த இடம். நான் இப்போது இதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குகிறேன். முதல் கப்பலில் ஒரு சாயங்காலத்தில் முடித்தேன்.

முதல் அடுக்கு

எத்தனை பட்டை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். நடுச் சட்டத்தின் விளிம்பில், தளத்தின் மட்டத்திலிருந்து ஏரா வரை ஒரு காகித நாடாவைச் சுற்றி அளந்தால் 85 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். 5 மி.மீ. பட்டை என்றால் 17 பட்டைகள். அணியத்தின் முதல் சட்டத்தில் அதே அளவு 51 மி.மீ.தான். 17 பட்டைகளும் அங்கே வந்து சேர வேண்டும். 51ஐ 17ஆல் வகுத்தால் 3. ஆக ஒவ்வொரு பட்டையும் நடுவில் 5 மி.மீ., அணியத்தில் 3 மி.மீ. என்று ஒல்லியாக வேண்டும். அணியத்தில் 40 மி.மீ.தான் இருந்தால் 2.35 வரும். பட்டையைப் பாதி அகலத்துக்கும் கீழே கூர்மையாக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அப்போது ஓரிரு பட்டைகளை அணியம் வரை கொண்டுபோகாமல் நடுவழியில் நிறுத்திவிட வேண்டும். அமரத்தில் இது தலைகீழ். அங்கே 94 மி.மீ. இருந்தால் ஒரு பட்டைக்கு ஐந்தரை வரும். நம்மிடம் இருப்பது ஐந்துதான். பற்றாக்குறைக்கு ஆப்பு வடிவத் துண்டுகளை இடையில் செருக வேண்டும்.

முதல் பட்டை தளத்தின் மட்டத்தை ஒட்டி. அடுத்தது மறுபக்கத்தில் அதே இடத்தில். இப்படி இடம், வலம் என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏரா வாழைப்பழமாக வளைந்துவிடும். பிறகு நிமிர்த்தவே முடியாது.

ஒரு பட்டையின் கதையை முழுதாகச் சொல்கிறேன். பிவிசி குழாயின் ஒரு முனையை அடைத்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, பட்டையின் அணியப் பக்கத்தை அதில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். எடுத்துத் துடைத்து, கப்பலின் மேல் அது போக வேண்டிய இடத்திலேயே வளைத்து, கிளிப் போட்டு விடுங்கள். அவ்வளவுதான், பசை இப்போது வேண்டாம், மறுநாள்தான். எங்கள் தெருவில் ஜன்னல் வேலைக்கு வந்த தச்சரிடம் என் கப்பலில் பட்டைகளுக்கு நடுவே தெரிந்த வெடிப்புகளைக் காட்டினேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: “ஈரத்தோட ஒட்டுனீங்களா சார்? ஈரமா ஒட்டுனா காஞ்சப்புறம் வாய் தொறக்கும்.” அதேதான் நடந்திருந்தது. ஐப்பசி மழையில் ஈரப் பட்டையை ஒட்டினேன், சித்திரை வெயிலில் வாய் திறந்தது. ஊறிய மரம் அகலத்தில் உப்பும்; காயும்போது சுருங்கும்.

மறுநாள் கிளிப்பை எடுத்தால் பட்டை அந்த வளைவிலேயே நிற்கும். இப்போது அகலத்தைக் குறையுங்கள். கட்டரால் ஒரு மயிரிழை கூடுதலாக விட்டு வெட்டி, இழைப்புளியால் கோடு வரை கொண்டுவாருங்கள். மேல்பட்டையோடு சேரும் விளிம்பை உள்பக்கமாக லேசாகச் சரித்தால் வெளியே இடுக்கு தெரியாது. சட்ட விளிம்பிலும் மேல்பட்டையின் விளிம்பிலும் ஃபெவிகால் தடவி ஒட்டி, குண்டூசியைப் பட்டைக்குப் பக்கத்தில் குத்தி நெருக்குங்கள். பெட்டியில் வரும் பித்தளை ஆணிகளை அடித்தால் முழுதாக இறக்காதீர்கள். தேய்க்குமுன் பிடுங்க வேண்டும்.

பட்டை தட்டையாக எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், பக்கவாட்டில் வளையாது. வற்புறுத்தினால் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கினால் அந்தப் பட்டை வேறெங்கோ போக விரும்புகிறது என்று அர்த்தம். அதன் போக்கில் விட்டு, இடையில் வரும் இடைவெளியில் ஆப்புத் துண்டு வையுங்கள். முதல் அடுக்கில் இது பாவமில்லை.

ஏராவை ஒட்டி ஓடும் முதல் பலகையை ஆங்கிலேயர் கார்போர்ட் என்பார்கள். புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. அணியத்தில் ஏரா மேலே வளைந்து ஏறும்போது இந்தப் பட்டையையும் அதனோடு மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் மற்ற பட்டைகளுக்கு முகப்பில் இடமே இருக்காது. எல்லாம் கூர்மையான முட்களாகக் குவியும். முதல் சட்டத்தைத் தாண்டியதும் அதை நிறுத்திவிடுங்கள்.

ஒட்டியது தப்பாகிவிட்டால் பதற வேண்டாம். காய்ந்த ஃபெவிகால் சூட்டுக்கு இளகும்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊறவிட்டாலும் விடும். ஃபெவிக்விக் என்றால் அசிட்டோன் வேண்டும்; இல்லாவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பட்டி பார்த்து, தடவிப் பார்த்து

முழுவதும் மூடிய பிறகு 80, அப்புறம் 120 எண் தாளால் தேயுங்கள். பள்ளங்களுக்கு, தேய்த்த மரத்தூளையே ஃபெவிகாலில் குழைத்துப் பட்டி பார்க்கலாம். பிறகு அறையின் விளக்கை அணைத்து, டார்ச்சை உடம்பை ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவது இதைவிட நல்ல சோதனை.

இந்த அடுக்குதான் மறைந்துவிடப் போகிறதே என்று இங்கே அசட்டையாக இருப்பவர்கள் நிறைய. மறைவது இடுக்கும் பட்டிக் கறையும்தான். மேடும் பள்ளமும் மறையாது. அரை மி.மீ. பட்டை ஈரத்துணி மாதிரி; அடியில் உள்ள வடிவத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும், வார்னிஷ் பளபளப்பில் இன்னும் பெரிதாக.

இரண்டாம் அடுக்கு

இங்கே பசை எது என்பதில் ஆளுக்கொரு கொள்கை. சிலர் இரண்டு பக்கமும் ரப்பர் பசை தடவிக் காயவிட்டு அழுத்துவார்கள். நான் ஃபெவிகாலை விரலால் மெல்லியதாக இழுத்துவிட்டு, இரண்டு நுனியிலும் மட்டும் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைப்பேன். அது வழிந்து வெளிப்பக்கம் பட்டால், அந்த இடத்தில் எண்ணெயோ வார்னிஷோ இறங்காது. வெளிறிய திட்டாகவே நிற்கும். கையோடு துடைத்து, காய்ந்ததும் சுரண்டிவிடுங்கள்.

ஒட்டத் தொடங்கும் முன் பட்டைகளை வெளிச்சத்தில் பரப்பி நிறம் பிரியுங்கள். வால்நட் ஒரே கட்டுக்குள்ளேயே காப்பி நிறத்திலிருந்து சாம்பல் வரை போகும். நல்லவை தண்ணீர் மட்டத்துக்கு மேலே; சுமாரானவை அடியில். உள்ளூர்த் தேக்கு வெனீரை வெட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டிய ‘ட்ரின்கோமலீ’ போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைச் சுமப்பது, மலபார்த் தேக்கில் கட்டியதுதான். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. ஆனால் நிஜக் கப்பல் தேக்கு என்பதற்காக மாடலும் தேக்காக இருந்தால் சரியாக வராது. தேக்கின் ரேகை பெரியது. 1:64 அளவில், அதாவது நிஜத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்கில், அது பலகைக்குள் பலகை மாதிரித் தெரியும். ரேகை நெருக்கமான மரம்தான் இதற்கு நல்லது.

அளவும் அப்படித்தான். 1:64இல் 4 மி.மீ. பட்டை என்பது நிஜத்தில் 10 அங்குலப் பலகை. நிஜப் பலகைகள் ஏறத்தாழ 20 முதல் 25 அடி நீளம். 24 அடியை 64ஆல் வகுத்தால் 114 மி.மீ. அணியத்திலிருந்து அமரம் வரை ஒரே பட்டையாக ஓட்டினால் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். 114 மி.மீ. துண்டுகளாக வெட்டி, இணைப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழாமல் மாற்றி வையுங்கள். ஒரே நேர்கோட்டில் இரண்டு இணைப்புகள் வந்தால் அவற்றுக்கு நடுவே மூன்று முழுப் பலகையாவது இருக்க வேண்டும். நிஜத்தில் பலகை இடுக்கில் நார் திணித்துத் தார் ஊற்றும் கலப்பற்று வேலையைக் காட்ட, பட்டையின் ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சிலால் இழுங்கள். இரண்டு விளிம்பிலும் இழுத்தால் கோலம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

தேய்க்கும்போது 80 எண் தாளைக் கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள். 220இல் தொடங்கினால் போதும். இருப்பதே அரை மி.மீ.; ஒரு மேட்டின் மேல் பத்து முறை வேகமாக இழுத்தால் அடியிலிருக்கும் வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும்.

அடிப்பகுதியில் செம்புத் தகடு ஒட்டும் கப்பல் என்றால் அங்கே நல்ல பட்டையை வீணாக்க வேண்டாம். மீந்துபோன வெளிறிய மெல்லிய பட்டை எதுவும் போதும், கனம் ஒன்றாக இருந்தால் சரி. ஆங்கிலேயக் கடற்படையில் தகடு 4 அடிக்கு 14 அங்குலம். 1:64இல் 19 மி.மீ.க்கு ஐந்தரை. அவர்களின் போர்க்கப்பல் ‘விக்டரி’ 1765இல் தண்ணீரில் இறங்கினாலும் அதற்குச் செம்பு போட்டது 1780இல்தான். அதற்கு முந்தைய தோற்றத்தைச் செய்பவர்களுக்குத் தகடு தேவையில்லை.

ஒற்றை அடுக்கைத்தான் செய்வேன் என்றால்

செய்யுங்கள், ஆனால் மேலே ‘பாவமில்லை’ என்று சொன்னதெல்லாம் இங்கே பாவம். ஒட்டுவதற்கு முன் நூலைக் கட்டி உடம்பை நீளவாக்கில் நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் பென்சிலால் குறித்தாக வேண்டும். இணைப்புகள் சட்டத்தின் மேல்தான் விழலாம். பக்கவாட்டு வளைவு வரும் இடத்தில் பட்டையை வற்புறுத்த முடியாது, ஆப்பும் வைக்க முடியாது. அந்த வளைவிலேயே பட்டையை வெட்டி எடுக்க வேண்டும். இடைவெளியின் மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டி, மேல்பட்டையின் விளிம்பை அதன் மேல் வரைந்து, டேப்பை உரித்து அகலமான மரத்தகட்டில் ஒட்டி, கோட்டில் வெட்டுங்கள். முதல் இரண்டு துண்டுகள் குப்பைக்குப் போகும். மூன்றாவது பொருந்தும்.

குண்டூசித் துளைகூட இங்கே வெளியே தெரியும். அரை மி.மீ. துளையாகவே போட்டு நிரப்பினால், 1:64இல் அது ஒன்றேகால் அங்குல மர ஆணி என்று சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாச் சட்டத்திலும் ஒழுங்காக வரிசையில் இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கப் போகும் கப்பலானால் இவ்வளவு பயம் தேவையில்லை, பட்டி பார்த்து மூடிவிடலாம். ஒற்றை அடுக்கில் முதல் முயற்சிக்கு அப்படிப்பட்ட கப்பலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்த முறையானாலும் தேய்த்து முடித்ததும் தூளை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய வார்னிஷ் ஒரு கை பூசி வையுங்கள். மிஞ்சிய இரண்டாம் அடுக்குப் பட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். சுக்கானுக்கும் பீரங்கி வாசல் மூடிகளுக்கும் அதே நிறத்தில் மரம் வேண்டியிருக்கும். கடையில் தேடினால் கிடைக்காது.